ஸ்டென்ட் வச்சாச்சு... அப்புறம் என்ன? மாரடைப்புக்குப் பிறகு பார்க்க வேண்டிய 2 எண்கள் - திருப்பூர் தொழிலாளர்களுக்கு இது ஏன் முக்கியம்?

"அடைப்பை எடுத்தாச்சு, ஸ்டென்ட் வச்சாச்சு, இனி பயமில்லைங்க."

மாரடைப்பில் இருந்து பிழைத்து வீடு திரும்பும் எந்தக் குடும்பத்திலும் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான். அடுத்து வரும் கேள்வி: "எப்போ வேலைக்குப் போகலாம்?" திருப்பூரில் அந்தக் கேள்விக்கு கனம் அதிகம். பனியன் கம்பெனியில் ஷிப்ட் கணக்கிலோ பீஸ் கணக்கிலோ சம்பளம் வாங்குபவருக்கு, படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள்.

எத்தனை அடைப்பு, எத்தனை ஸ்டென்ட், எவ்வளவு செலவு என்பதெல்லாம் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரிந்திருக்கும். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் இரண்டு எண்களை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஒன்று, இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைச் சொல்லும் 'இ.எஃப்'. இன்னொன்று, கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் 'கிரியாட்டினின்'. மாரடைப்பு வந்தவர் அடுத்த சில ஆண்டுகளில் எப்படி இருப்பார் என்பதை ஸ்டென்ட் எண்ணிக்கையைவிட இந்த இரண்டும்தான் அதிகம் சொல்லும்.

ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு கிட்னி எதுக்கு பார்க்கணும்? இந்தச் சந்தேகம் பலருக்கும் இருக்கிறது. அதற்குப் போகும் முன், நம்ம ஊர் கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம்.

ஆபத்து எப்போது? ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா?

ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டு வரும் பெரிய மாரடைப்பை டாக்டர்கள் 'ஸ்டெமி' என்று அழைக்கிறார்கள். இதற்கான சிகிச்சையை தமிழ்நாட்டில் எப்படி வேகப்படுத்துவது என்று கோவையைச் சேர்ந்த இதயநோய் நிபுணர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் ஒரு திட்டம் வகுத்தனர். அதன் பெயர் 'டி.என்.ஸ்டெமி'. இதற்கான முன்னோட்ட ஆய்வு கோவை - ஈரோடு பகுதியில்தான் நடந்தது. திருப்பூர் இந்த இரண்டு ஊருக்கும் நட்டநடுவே இருப்பதைச் சொல்லத் தேவையில்லை.

யோசனை எளிமையானது. ஆஞ்சியோ வசதி இல்லாத சின்ன ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போடுவது. பிறகு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் செய்வது. 2012 ஆகஸ்ட் முதல் 2014 ஜூன் வரை 2,420 நோயாளிகளிடம் இது ஆராயப்பட்டது. முடிவுகள் 2017-ல் 'ஜாமா கார்டியாலஜி' மருத்துவ இதழில் வெளியாகின.

ஓராண்டுக்குள் இறந்தவர்கள் திட்டத்துக்கு முன் 17.6 சதவீதம், திட்டத்துக்குப் பின் 14.2 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இறந்தவர்கள் திட்டத்துக்கு முன் 5.8 சதவீதம், பின் 5.6 சதவீதம். அதில் பெரிய மாற்றமே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 பேரில் ஆஸ்பத்திரியில் இறந்தது சுமார் 6 பேர். ஓராண்டு முடிவில் 14 பேர். அப்படியென்றால், பாதிக்கு மேற்பட்ட மரணங்கள் "இனி பயமில்லை" என்று சொல்லி வீட்டுக்கு வந்த பிறகு நடந்தவை. யார் அந்தப் பட்டியலில் சேரக்கூடும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லக்கூடியவைதான் இந்த இ.எஃப்பும் கிரியாட்டினினும்.

இ.எஃப் 60 என்றால் 'ஜஸ்ட் பாஸ்' இல்லை

இதயத்தின் இடது கீழறையில் ரத்தம் நிரம்புகிறது. அது சுருங்கும்போது உள்ளே இருப்பதில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இ.எஃப். எக்கோ ஸ்கேனில் இது தெரிந்துவிடும்.

நல்ல இதயமே 100 சதவீதம் தள்ளாது. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. இதை யாரும் விளக்கிச் சொல்லாததால் "60 தான் இருக்காம்" என்று பதறும் குடும்பங்களும் உண்டு, "40 இருக்கு, பாஸ் மார்க்தானே" என்று நிம்மதியாகிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. 40-க்கு கீழே போனால் இதயம் கணிசமாகப் பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

மாரடைப்பில் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன தசை மறுபடி முளைக்காது. அந்த இடம் தழும்பாகிவிடும். மிச்சமிருக்கும் தசைதான் முழு வேலையையும் இழுக்க வேண்டும். அதனால்தான் நெஞ்சுவலி தொடங்கியதில் இருந்து அடைப்பு திறக்கும் வரையிலான ஒவ்வொரு நிமிஷமும் இ.எஃப்பில் போய் நிற்கிறது. இந்தியாவில் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் 20 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளைப் பதிவு செய்த 'கிரியேட்' ஆய்வு, 2008-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. அதில், பெரிய மாரடைப்பு வந்தவர்கள் ஆஸ்பத்திரி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தின் இடைநிலை 360 நிமிடங்கள். ஆறு மணி நேரம்! 'கேஸ் ட்ரபிளா இருக்கும்' என்று சோடா குடித்துவிட்டு ஷிப்ட் முடியும் வரை காத்திருந்த நேரமும் இதில் அடக்கம்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மாரடைப்பு வந்த ஓரிரு நாளில் எடுக்கும் எக்கோவில் இ.எஃப் குறைவாக இருந்தால் அதுவே கடைசித் தீர்ப்பு அல்ல. சாகாமல், அதிர்ச்சியில் மட்டும் ஓய்ந்துபோன தசைகள் சில வாரங்களில் திரும்ப வேலை செய்யத் தொடங்கலாம். அதனால் 6 வாரம் முதல் 3 மாதத்துக்குள் மறுபடி எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். அப்போதும் 35-க்கு கீழேயே இருந்தால், திடீர் இதயத்துடிப்பு கோளாறால் உயிர் போகாமல் தடுக்கும் ஐ.சி.டி கருவி தேவையா என்று டாக்டர்கள் பரிசீலிப்பார்கள். அந்த இரண்டாவது எக்கோவுக்கு லீவு போட மனசில்லாமல் விட்டுவிட்டால், இந்தப் பேச்சே எழாமல் போய்விடும்.

கிரியாட்டினின் 1.2... நார்மலா?

இப்போது கிட்னிக்கு வருவோம். ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிட்னிகளுக்குத்தான் போகிறது. உள்ளங்கை அளவு உறுப்புகளுக்கு இவ்வளவு பங்கு. இதயம் பலவீனமானால் முதலில் அதை உணர்வதும் அவைதான்.

ரத்த வரத்து குறைந்ததும், உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று கிட்னி தப்பாகப் புரிந்துகொள்கிறது. உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது, ரத்தக்குழாய்களை இறுக்கும் ஹார்மோன்களைக் கிளப்பிவிடுகிறது. ஏற்கெனவே தள்ளாடும் இதயத்துக்கு இதனால் சுமை கூடுகிறது. காலில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல் எல்லாம் வருவது இப்படித்தான். போதாக்குறைக்கு, இதயம் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத ரத்தம் சிரைகளில் தேங்கி, கிட்னியை இன்னும் அழுத்துகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தசோகை வரும். ரத்தக்குழாய் சுவர்களில் கால்சியம் படியும். பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பே தடம் மாறலாம். ஆக, ஒன்று விழும்போது மற்றொன்றையும் பிடித்து இழுத்துக்கொண்டுதான் விழுகிறது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்து. இங்கேதான் பலர் ஏமாறும் இடம் இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் 1.2 என்று இருந்தால் நார்மல் கட்டத்துக்குள் இருப்பது போலவே தெரியும். ஆனால் அந்த எண்ணை வயது, ஆணா பெண்ணா என்பதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்படிக் கிடைப்பதுதான் 'இ.ஜி.எஃப்.ஆர்'. கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று அது சொல்லும்.

இப்போது டாக்டர்கள் பயன்படுத்தும் 2021-ம் ஆண்டு சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், கிரியாட்டினின் 1.2 உள்ள 25 வயது இளைஞருக்கு இ.ஜி.எஃப்.ஆர் சுமார் 86. பிரச்சினை இல்லை. அதே 1.2 உள்ள 60 வயது பெண்ணுக்கு சுமார் 52! மூன்று மாதத்துக்கு மேல் 60-க்கு கீழேயே இருந்தால் அது நாள்பட்ட கிட்னி நோய். ஒரே லேப், ஒரே எண், இரண்டு வேறு வேறு கதை. கிட்னியின் திறன் ஏறக்குறைய பாதி போகும் வரை கிரியாட்டினின் பெரிதாக ஏறாமல் இருக்கக்கூடும் என்பதால்தான் 'நார்மல்னு போட்டிருக்கு' என்பதை மட்டும் நம்ப முடிவதில்லை.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது?

இதற்கு பதில் சொன்ன முக்கியமான ஆய்வு 2004-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. 'வேலியன்ட்' என்ற பெரிய மருந்துப் பரிசோதனையில் பங்கேற்ற 14,527 பேரின் தகவல்கள் அதில் அலசப்பட்டன. அத்தனை பேருக்கும் மாரடைப்பால் இதயம் பலவீனமாகியிருந்தது, அல்லது இதயச் செயலிழப்பு அறிகுறி இருந்தது. அதாவது முதல் எண் பலருக்கும் மோசம். இரண்டாவது எண்ணை வைத்துப் பிரித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

இ.ஜி.எஃப்.ஆர் 75-க்கு மேல் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் இறந்தவர்கள் 14.1 சதவீதம். 60 முதல் 75 வரை இருந்தவர்களில் 20.5. 45 முதல் 60 வரை 28.9. 45-க்கு கீழே 45.5 சதவீதம்.

இவர்களில் யாரும் டயாலிசிஸ் நோயாளிகள் கிடையாது. கிரியாட்டினின் 2.5-க்கு மேல் இருந்தவர்களை அந்தப் பரிசோதனையில் சேர்க்கவே இல்லை. "லேசா கிட்னி பிரச்சினை, மாத்திரையில சரியாயிடும்" என்று வழக்கமாகச் சொல்லப்படும் ரகம்தான் பலரும். கிட்னி குறைந்தவர்களுக்கு வயதும் அதிகம், சர்க்கரை நோயும் அதிகம் என்று கேட்கலாம். உண்மை. அவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், 81-க்கு கீழே ஒவ்வொரு 10 புள்ளி குறையும்போதும் ஆபத்து 10 சதவீதம் கூடியது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 3,000-க்கும் அதிகமான மாரடைப்பு நோயாளிகளை வைத்து 2002-ல் வெளியான ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. கிட்னி நன்றாக இருந்தவர்களில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 2 சதவீதம். லேசான பாதிப்பு இருந்தால் 6, நடுத்தரமாக இருந்தால் 14, கடுமையாக இருந்தால் 21. கிட்னி முழுவதுமாகச் செயலிழந்தவர்களில் 30.

இவை இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்குகள். இன்று மருந்தும் சிகிச்சையும் முன்னேறியிருப்பதால் இந்த சதவீதங்களை அப்படியே ஒருவர் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் படிக்கட்டு எந்தத் திசையில் போகிறது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

டாக்டர்களே தயங்கும் இடம்

கிட்னி பலவீனமானவருக்கு நோய் மட்டும்தான் எமன் என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சை குறைவாகக் கிடைப்பதும் ஒரு காரணம்.

ஆஞ்சியோகிராமுக்குப் போடும் சாயம் கிட்னியைப் பாதிக்கலாம். அதனால் கிரியாட்டினின் அதிகமாக இருந்தால் டாக்டர்கள் யோசிப்பார்கள். யோசிப்பது சரி. ஆனால் யார் பலவீனமாக இருக்கிறாரோ, யாருக்கு சிகிச்சையால் அதிக லாபமோ, அவருக்கே ஆஞ்சியோவும் மாத்திரையும் குறைவாகக் கிடைக்கிறது என்ற முரண் பல நாடுகளின் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பெரிய மாரடைப்பில் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வேண்டிய நேரத்தில் கிரியாட்டினின் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவ நடைமுறை. சாயத்தைக் குறைவாகப் பயன்படுத்துவது, தேவையான அளவு சலைன் ஏற்றுவது, அடுத்த சில நாட்களுக்கு கிரியாட்டினினைப் பார்ப்பது என்று வழிகள் இருக்கின்றன.

இன்னொரு சிக்கல், அறிகுறி. கிட்னி நோயோ நாள்பட்ட சர்க்கரையோ இருப்பவர்களுக்கு சினிமாவில் காட்டுவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் வலி வராமலே போகலாம். மூச்சு வாங்கும், வேர்த்துக்கொட்டும், காரணமில்லாமல் அசதியாக இருக்கும். வெயில் காலத்தில் அயர்னிங் செக்‌ஷனில் நிற்பவருக்கு இதெல்லாம் தினமும் நடப்பதுதானே? அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

திருப்பூருக்கு வருவோம்

ஸ்டீம் அயர்ன், காம்பாக்டிங், சாயப்பட்டறை. பனியன் தொழிலில் சூட்டோடு மல்லுக்கட்டும் பிரிவுகள் இவை. ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம் என்பது திருப்பூரில் சாதாரணமாகப் புழங்கும் வார்த்தை. தொடர்ந்து வேர்த்து, அதற்கு ஈடாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னி பாதிக்கப்படும் என்பது இப்போது உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம். தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு நடத்திய ஆய்வு, வெப்பத்துக்கும் கிட்னி பாதிப்புக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் நிலையம் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்ததில், சுமார் 5.3 சதவீதம் பேருக்கு நாள்பட்ட கிட்னி நோய் இருந்தது. அதில் பாதிப் பேருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவுமே இல்லை. 2025-ல் இந்த முடிவுகள் வெளியாகின.

அவர்கள் உப்பளத்திலும் வயலிலும் வெயிலில் நின்றவர்கள். பனியன் கம்பெனியில் கூரைக்குக் கீழே நிற்பவர்களுக்கு சூரியன் இல்லை, ஆனால் நீராவி இருக்கிறது. பாத்ரூமுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு வலி மாத்திரை. பவர் டேபிளில் குனிந்தே உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு வலி, நாள் முழுக்க நின்று செக்கிங் பார்ப்பவருக்குக் கால் வலி. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஷிப்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் மாத்திரை அது. மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். ஒருமுறை மாரடைப்பு வந்தவர், அதிலும் இ.எஃப் குறைந்தவர், இதைத் தொடவே கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பத்து மாத்திரை எழுதித் தருபவர்கள், போடக்கூடாத இந்த ஒரு மாத்திரையையும் பெரிதாக எழுதித் தந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு உதாரணத்துக்கு, 52 வயது அயர்ன் மாஸ்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இ.எஃப் 38. கிரியாட்டினின் 1.6. கணக்குப் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர் சுமார் 52. அவரிடம் கிட்னிக்காக "நிறைய தண்ணி குடிங்க" என்று ஒருவர் சொல்வார். இதயத்துக்காக "தண்ணியை அளந்து குடிங்க" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு அட்வைஸும் அதனதன் இடத்தில் சரி. ஆனால் சூட்டில் நின்று லிட்டர் கணக்கில் வேர்க்கும் மனிதருக்கு எந்த அளவு? இதற்கு பொதுவான பதில் கிடையாது. தினமும் காலையில் எடை பார்ப்பதுதான் வழி. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். எடை இறங்கி, நிற்கும்போது தலைசுற்றினால் நீர் போதவில்லை. என்ன வேலை செய்கிறார், எவ்வளவு சூட்டில் நிற்கிறார் என்பதை டாக்டரிடம் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'கம்பெனி வேலை' என்று மட்டும் சொன்னால், டாக்டர் ஏசி அறையைக்கூட நினைத்துக்கொள்ளலாம்.

அதே ஆளுக்கு இன்னொரு கண்ணி, பொட்டாசியம். இதயத்துக்காகக் கொடுக்கப்படும் ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரைகள் உயிர் காப்பவை. ஆனால் கிட்னி பலவீனமாக இருந்தால் இவை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றலாம். அதன் மேல் 'உடம்புக்கு நல்லது' என்று தினமும் பொள்ளாச்சி இளநீர் இரண்டு குடித்தால்? இளநீரில் பொட்டாசியம் அதிகம். கடைகளில் விற்கும் 'லோ சோடியம்' உப்பிலும் அதுதான். இந்துப்பு வேறு விஷயம். அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பேதான், பி.பி-க்கு பாதுகாப்பு என்று நம்பி அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

இந்த மாத்திரைகளைத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கும். 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்க்கக்கூடியதே. அதைப் பார்த்துவிட்டு "மாத்திரை கிட்னியைக் கெடுக்குது" என்று தாங்களாகவே நிறுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. டாபாகுளோஃப்ளோசின், எம்பாகுளோஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் பலவீனமான இதயம், கிட்னி இரண்டுக்குமே பலன் தருகின்றன. காப்புரிமைக் காலம் முடிந்து இந்திய நிறுவனங்கள் பலவும் இப்போது இவற்றைத் தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. இதைத் தனக்குத் தரலாமா என்று அடுத்த செக்கப்பில் கேட்பதில் தப்பில்லை.

இ.எஃப் எண்ணுக்குப் பின்னால் பணமும் இருக்கிறது

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். இ.எஃப் என்பது மருத்துவ எண் மட்டும் இல்லை. இ.எஸ்.ஐ பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு அது பண விஷயமும்கூட.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ-க்குள் வருவார்கள். சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். வேலைக்குப் போக முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். இது சாதாரண நோய்க்காலப் பணப்பலன். இதற்கு ஆறு மாத பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களாவது பிடித்தம் இருக்க வேண்டும்.

91 நாள் முடிந்தால்? நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களின் பட்டியல் ஒன்று இ.எஸ்.ஐ-யில் இருக்கிறது. அதில் உள்ள நோய் என்றால் சம்பளத்தில் 80 சதவீதம் வீதம், இரண்டு ஆண்டுகள் வரைகூட நீட்டிக்கலாம். அந்தப் பட்டியலில் மாரடைப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? 'இ.எஃப் 45 சதவீதத்துக்கு கீழே உள்ள மாரடைப்பு'. நாள்பட்ட கிட்னி செயலிழப்பும் அதே பட்டியலில் தனியாக இடம்பெற்றிருக்கிறது. டாக்டர்கள் பார்க்கும் அதே இரண்டு விஷயங்கள்.

மேலே சொன்ன அயர்ன் மாஸ்டருக்கு இ.எஃப் 38. அவர் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாட்களுக்குப் பிடித்தமும் இருந்தால், இந்த நீட்டிக்கப்பட்ட பலனைக் கேட்க முடியும். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மாரடைப்பு, ஸ்டென்ட் வைக்கப்பட்டது' என்று மட்டும் இருந்து, எக்கோ ரிப்போர்ட்டை வீட்டில் எங்கோ தொலைத்துவிட்டால், அந்த 38-ஐ நிரூபிக்க மறுபடி அலைய வேண்டியதுதான். எக்கோ ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை முடிவு இரண்டையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இ.எஸ்.ஐ இல்லாதவர்களுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் வேலைக்குப் போகாத நாட்களுக்கான கூலியை அது தராது. கான்ட்ராக்டில், பீஸ் ரேட்டில், பேரேட்டில் பெயர் இல்லாமல் வேலை பார்ப்பவர்கள் பத்தாவது நாளே கம்பெனி வாசலில் வந்து நிற்பதற்குக் காரணம் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

எங்கே பார்க்கலாம்?

நெஞ்சில் பாரம், மூச்சு வாங்கல், தாடை அல்லது இடது கைக்குப் பரவும் வலி என்றால் 108-க்கு அழைப்பதுதான் முதல் வேலை. டூவீலரின் பின்னால் உட்கார்ந்து கோவை வரை போகும் சாகசம் வேண்டாம். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாட்டின் மாத்திரைகள் முதல் டோஸாகக் கொடுக்கப்படுகின்றன. அதை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் அது.

கிட்னிக்கு, அதே 2023 ஜூலையில் இன்னொரு திட்டம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் ஒரு அட்டையை நனைத்து, புரதம் கசிகிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். கசிந்தால் அடுத்து ரத்தப் பரிசோதனை. தொழிற்சாலைகளுக்கே சென்று சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024 ஜனவரியில் தொடங்கப்பட்டது. திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 முதல் செயல்படுகிறது.

வசதிகள் இல்லை என்று சொல்ல முடியாது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. மாரடைப்பு வந்தவர் முதல் மூன்று மாதத்தில் குறைந்தது இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, ஒரு எக்கோ, ஒன்றிரண்டு செக்கப் போக வேண்டியிருக்கிறது. எல்லாமே வேலை நாளில், வேலை நேரத்தில். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் அரை நாள் பர்மிஷன் கேட்டால் கிடைக்குமா என்பது சூப்பர்வைசரைப் பொறுத்தது. பீஸ் ரேட் தொழிலாளிக்கு பர்மிஷனும் தேவையில்லை, போகலாம்; அன்றைய கூலிதான் கிடையாது.